பெருக்கல் குறி

அம்மா சுவரோடு பேசப் பழகிவிட்டாள்.

"சாப்பாடு மேஜையில இருக்கு" என்பாள், நாட்காட்டியைப் பார்த்து. "தண்ணி இன்னிக்கு ஆறு மணியோட நின்னுடுமாம்" என்பாள், ஜன்னலைப் பார்த்து. அவன் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பான். மூன்று மாதமாக இப்படித்தான். திட்டினால்கூடத் தேவலை. திட்டுவதற்கு முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

வீட்டில் முன்பு மூன்று பேர். அம்மா, அவன், தங்கை. தங்கை ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மற்றவர்களுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவள், அவளுடைய லென்ஸ்தான் அந்தக் கடையிலேயே மிகத் தடிமன். மைனஸ் ஏழு. அவன் அவளைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவான். அவள் போய்ச் சேர்ந்த இடத்தையும், அப்போது இவன் செய்துகொண்டிருந்ததையும் அம்மா ஒரு போனில் பார்த்தாள். அன்றிலிருந்துதான் சுவர்.

அவனுக்கு விமான நிலையத்தில் வேலை. இறங்கி ஓடிவரும் விமானத்தை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டின் நுனியில் இவன் நிற்பான், இரண்டு கையிலும் சைகை மட்டையோடு. முழங்கையை மடக்கி அசைத்தால் வா. ஒரு கையை நீட்டி மறு கையை அசைத்தால் நீட்டிய பக்கம் திரும்பு. இரண்டையும் தலைக்கு மேல் கொண்டுபோய்க் குறுக்கே போட்டால் நில். மெதுவாகப் போட்டால் மெதுவாக நில். வெடுக்கென்று போட்டால் வெடுக்கென்று நில். இதில் பேச்சே கிடையாது. பேசினாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது. பதினோரு வருஷத்தில் ஒரு விமானியும் அந்தக் கைக்குக் கட்டுப்படாமல் போனதில்லை.

தங்கை போன அந்த ராக் கச்சேரிக்கு அவன் தானாகப் போகவில்லை. அம்மா அனுப்பினாள்.

"பாட்டுக் கேக்கப் போறதுக்குத் துணை எதுக்கும்மா? நான் என்ன பால்வாடியா?" என்றாள் தங்கை.

"போன தடவை போயிட்டு வந்து நாலு நாள் கழுத்தைத் திருப்ப முடியாம உக்காந்திருந்தே. அண்ணன் வந்தா போ. இல்லேன்னா ரூமைச் சாத்திக்கிட்டு உள்ளேயே தலையை ஆட்டு."

"இவனா? இவன் மைக் செட்டைப் பாத்தாலே அடுத்த தெருவுக்கு ஓடுறவன்மா."

"அதனாலதான் சொல்றேன். புத்தியோட ஒருத்தன் கூட இருக்கட்டும்."

அம்மாவின் கண்ணில் மகள் ஒரு காட்டுக் குதிரை. கறுப்பு நகப் பூச்சு, கறுப்புச் சட்டை, மூடிய கதவுக்குப் பின்னால் வீடே அதிரும் சத்தம். அம்மா பார்சல் கிடங்கில் முகவரி பார்த்துப் பிரிப்பவள். மேலே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவளுக்குக் கணக்கு, உள்ளே இருப்பதை அவள் பிரித்துப் பார்த்ததில்லை.

பொருட்காட்சி மைதானம். மாலை நான்கு மணி வெயில். எங்கே பார்த்தாலும் கறுப்புச் சட்டை. அவன் ஒருவன்தான் வெளிர் நீலக் கோடு போட்ட அலுவலகச் சட்டையில் வந்திருந்தான். உள்ளே நுழைந்ததும் பையிலிருந்து நுரை அடைப்பான் இரண்டை எடுத்துக் காதில் திணித்துக்கொண்டான்.

"அடப்பாவி" என்றாள் தங்கை. "காதை அடைச்சுக்கிட்டுக் கச்சேரிக்கு வந்த முதல் ஆளு நீதான்ணா. கண்ணையும் கட்டிக்கோ, கவலையே இல்லை."

மேடையில் ஒலிபெருக்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற கூட்டம் அதற்குள்ளேயே கைகளைத் தூக்கித் தலைக்கு மேல் குறுக்கே போட்டு ஊளையிட்டது.

"அது என்ன?"

"பெருக்கல்."

"என்னது?"

"பெருக்கல் குறி. தாடி 'பெருக்கு'ன்னு கத்துவான், எல்லாரும் போடணும்." தாடி என்பது பாடகன். "இன்னும் சத்தம், இன்னும் வேகம், விடாதேன்னு அர்த்தம்."

"எங்க வேலையில அதுக்கு நில்லுன்னு அர்த்தம்."

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. "அண்ணா, உன் கால்ல விழறேன், கையைப் பாக்கெட்டுலயே வச்சுக்கோ. கச்சேரியைக் கொண்டுபோய் பார்க்கிங்ல போட்டுடாதே."

அவள் நேராக வலது ஓரத்து இரும்புக் கம்பித் தடுப்புக்குப் போனாள். அதுதான் அவள் வழக்கமான இடமாம். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்று தலையை மட்டும் ஆட்டுவாள். பாட்டு முழுக்க மனப்பாடம். ஆனால் கம்பியை விட்டு ஓர் அடி நகர மாட்டாள்.

"நடுவுல வட்டமா இடம் விட்டிருக்காங்க பாரு. அங்கதான் மோதிக்குவாங்க. நான் போனதே இல்லை."

"ஏன், பயமா?"

"கண்ணாடி போச்சுன்னா எனக்கு நீயும் தாடியும் ஒண்ணுதான். வீட்டுக்கு யாரைக் கூட்டிட்டுப் போவேனோ." கம்பியில் சாய்ந்துகொண்டாள். "ஆனா அங்க ஒரு சட்டம் இருக்கு. யாராவது விழுந்தா சுத்தி இருக்கிற எல்லாரும் தூக்கி விட்டுடணும். அதை மட்டும் யாரும் மீறவே மாட்டாங்க."

முதல் மூன்று பாட்டு அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். நான்காவது பாட்டில் வட்டம் பெரிதாகி அவன் முதுகைத் தொட்டது. ஒருவன் வந்து தோளில் இடித்தான். அவன் அனிச்சையாகத் திருப்பித் தள்ளினான். அவ்வளவுதான் தேவையாக இருந்தது. யாரோ அவனை இன்னொருவன்மேல் தள்ள, அந்த இன்னொருவன் சிரித்துக்கொண்டே வேறொருவன்மேல் தள்ள, அவன் வட்டத்துக்கு நடுவில் இருந்தான்.

விழுந்தான். புழுதி வாய்க்குள் போனது. எழுவதற்குள் நான்கு கைகள் அக்குளில் கோத்துத் தூக்கின. கழுத்தில் பச்சை குத்திய தடியன் ஒருவன் அவன் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான், காலரைச் சரிசெய்தான், "அண்ணே ஓகேவா?" என்று கேட்டான். அவன் தலையாட்டியதும் முழு பலத்தோடு தள்ளினான்.

அவன் சிரித்தான். தான் சிரிக்கிறோம் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

பதினோரு வருஷமாக அவன் கை அசைந்தால் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. ஒரு சாண் தப்பினால் ஒரு இறக்கை போய்விடும். இங்கே கையை எப்படி வீசினாலும் எதுவும் நடக்கவில்லை. தாடி கத்தும்போது அவனும் கத்தினான். எல்லோரும் பெருக்கல் போட்டபோது அவனும் போட்டான். சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்துப் போயின. முப்பத்தெட்டு வயதில் அவனுக்கு ஓர் உடம்பு இருப்பது தெரியவந்தது.

ஐந்தாம் பாட்டின் நடுவில் ஆட்களின் தலைகளுக்கு இடையே கம்பித் தடுப்பு தெரிந்தது. தங்கை நுனிக்காலில் நின்று, நெற்றியில் கை வைத்து, வட்டத்துக்குள் அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கையைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். பத்தடி நடந்து போயிருக்கலாம். போனால் மறுபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அவன் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆறாம் பாட்டில் அவள் வட்டத்துக்குள் இருந்தாள். ஒரு கையால் கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆட்களை விலக்கிக்கொண்டு, தவறான திசையில் பார்த்து "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கவில்லை. உதடு தெரிந்தது. அப்போது இடது பக்கமிருந்து கூட்டம் மொத்தமாகச் சாய்ந்தது. ஒருவன் விழுந்தால் தூக்கிவிடலாம். பத்துப் பதினைந்து பேர் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். தூக்கிவிடக் குனிந்தவர்களும் விழுந்தார்கள். அவள் அடியில் போனாள்.

அவன் குனிந்தான். ஒரு காலை இழுத்தான், அது வேறு யாருடைய காலோ. பின்னாலிருந்து இன்னும் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். இது நிற்க வேண்டும். மேடை நிற்க வேண்டும், டிரம்ஸ் நிற்க வேண்டும், பின்னால் இருப்பவர்கள் நிற்க வேண்டும். அவன் நிமிர்ந்தான். மேடையைப் பார்த்து, இரண்டு கையையும் வெடுக்கென்று தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே போட்டான்.

அதற்கு இங்கே என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். அவள் சொல்லியிருந்தாள், அவனே போட்டும் இருந்தான். ஆனாலும் பயம் பிடித்தபோது கை தனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்தது.

பக்கத்தில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவர்களும் போட்டார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். அவன் வாயைப் பிளந்து "நிறுத்து" என்று கத்தினான். கேமரா வைத்திருந்தவன் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தான், அவனுக்கு அந்த முகம் பிடித்துப்போயிற்று. மேடைக்கு இரண்டு பக்கமும் இருந்த பெரிய திரையில் அவன் முகம் வந்தது. தாடி திரும்பிப் பார்த்தான்.

"அங்க பாருங்கடா! சட்டை கிழிஞ்சு நிக்கிறாரு அண்ணன்! அவரை விட மாட்டோம்ல? பெருக்கு!"

இருபதாயிரம் பேர் கையைத் தூக்கினார்கள். டிரம்ஸ் இரட்டை வேகத்துக்குப் போனது. அவன் கையை இறக்கவில்லை. இறக்கினால் அவர்கள் நிறுத்த மாட்டார்கள் என்று அந்த நேரத்துப் புத்தி சொன்னது.

காவலாட்கள் வந்து குவியலைப் பிரிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மற்றவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அவள் எழவில்லை. அடிபட்ட காயம் எதுவும் இல்லை. மூச்சு முட்டித்தான் போனாள் என்றார்கள். கண்ணாடி அவள் கைக்குள்ளேயே இருந்தது, உடையாமல்.

"நீங்க ரெண்டு பேரும் எங்க நின்னீங்க?" என்று மருத்துவமனையில் ஓர் அதிகாரி கேட்டார்.

"ஓரமாத்தான் நின்னோம் சார். கூட்டம் தள்ளினதுல உள்ள போயிட்டோம்."

அம்மா பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போது அவன்மேல் மருத்துவமனை கொடுத்த போர்வை இருந்தது, உள்ளே இருந்த சட்டை தெரியவில்லை.

ஒன்பது நாள் கழித்து, பார்சல் கிடங்கில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அம்மாவிடம் போனை நீட்டினாள். "ஆன்ட்டி, இந்த ஆளு உங்க பையன் மாதிரியே இல்ல?" அவளுக்கு விஷயம் தெரியாது. பத்தொன்பது விநாடிப் படம். குறுக்கே போட்ட கை, பிளந்த வாய், கண்ணீர். கீழே "வெறின்னா இது" என்று எழுதியிருந்தது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். குறுக்குக்கை அண்ணன் என்று அவனுக்குப் பெயரும் வைத்திருந்தார்கள்.

அம்மா பாதி வேலையில் வீட்டுக்கு வந்தாள். மேஜையில் போனை வைத்தாள்.

"இது எப்போ?"

அவன் பார்த்தான். அந்தக் கையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். அது நில் என்ற சைகை, தன் வேலையில் அப்படித்தான் சொல்வார்கள், நிறுத்தச் சொல்லித்தான் கையைத் தூக்கினேன், அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள் என்று. சொல்லச் சொல்ல அவனுக்கே அது இட்டுக்கட்டிய கதைபோலத்தான் கேட்டது.

"அவ உன் காலடியில கிடக்கும்போது நீ ஆடிட்டிருந்தே" என்றாள் அம்மா.

அவன் முகத்தைப் பார்த்து அவள் பேசிய கடைசி வாக்கியம் அது.

இசைக்குழுவின் அலுவலகத்துக்கு அவன் போன் செய்தான். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "எங்க பக்கத்துல இருந்து எடுத்துட்டோம் சார். ரசிகர்கள் காப்பி பண்ணிப் போட்டதை நாங்க என்ன பண்ண முடியும், சொல்லுங்க?" பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க சார். நாங்க பாத்தப்போ நீங்க ரொம்ப சந்தோஷமா இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

வழி சொன்னது டிராக்டர் அக்கா. நிறுத்தியிருக்கும் விமானத்தை மூக்கில் பிடித்துப் பின்னால் தள்ளிவிடும் இழுவை வண்டியை ஓட்டுபவள். நிலையம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

"வாயால சொன்னா யாரு நம்புவா? கூட்டிட்டு வந்து காட்டுடா. மேல, விமானம் பாக்குற கண்ணாடி மாடத்துல நிறுத்து. நீ கீழ நின்னு கையைப் போடு. எழுபது டன் நிக்குதா இல்லையான்னு அவங்களே பாக்கட்டும்."

"என்கூட எங்கயும் வர மாட்டாங்கக்கா. பேசுறதே இல்லை."

"உன்கூட எவன் வரச் சொன்னான்? என்கூட வரட்டும்."

அடுத்த விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்கு வந்தாள். நாற்காலி கிறீச்சிட உட்கார்ந்தாள்.

"என்னம்மா, பையன் பதினோரு வருஷமா அங்க குப்பை கொட்டுறான், ஒரு நாளாவது வந்து பாத்தீங்களா?"

"யாரு கூப்பிட்டா?" என்றாள் அம்மா. அவன் மூன்றடி தள்ளி நின்றான். "சம்பளம் வந்துச்சு, லீவு போட்டாச்சு, அதுதான் தெரியும். என்ன வேலைன்னு கேட்டா கையை ஆட்டுற வேலைம்பான். போலீஸ்காரன்கூடத்தான் ரோட்டுல கையை ஆட்டுறான்."

"போலீஸ்காரன் கையைக் காட்டினா ஸ்கூட்டர்கூட நிக்காதும்மா. வாங்க, நான் காட்டுறேன்."

அம்மா வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தாள். "எத்தனை மணிக்கு?" என்றாள் அக்காவிடம்.

அந்த வாரமே ஒரு நாள், காலை பத்தே காலுக்கு ஏழாம் நிறுத்தத்துக்கு ஒரு விமானம். புதிய நிறுத்தங்களில் எல்லாம் விளக்குப் பலகை வந்துவிட்டது, விமானி அதைப் பார்த்து நிறுத்திக்கொள்வான். பழைய நிறுத்தங்கள் மூன்றுக்குத்தான் இன்னும் ஆள் வேண்டும். ஏழு அதில் ஒன்று, கண்ணாடி மாடத்துக்கு நேர் கீழே.

அவன் மஞ்சள் கோட்டின் நுனியில் நின்றான். வெளிச்சட்டை, காதுக் கவசம், மட்டைகள். அண்ணாந்து பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. பக்கத்தில் சின்னதாக, கைப்பையை மார்போடு அணைத்தபடி, அம்மா.

விமானம் திரும்பி வந்தது. அவன் வா என்றான். வந்தது. கொஞ்சம் இடப் பக்கம் என்றான். மூக்கைத் திருப்பிக்கொண்டது. சக்கரம் கோட்டில் ஏறியது. ஓட்டுபவன் முகம் தெரியும் அளவுக்கு வந்ததும், அவன் கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலே கொண்டுபோனான். மட்டைகள் தலைக்கு மேல் ஒன்றை ஒன்று கடந்தன.

விமானம் நின்றது. மூக்கு ஒருமுறை கீழே அமுங்கி நிமிர்ந்தது. உள்ளேயிருந்து விமானி கையை நெற்றிக்குக் கொண்டுபோய் எடுத்தான். இன்ஜின் சத்தம் இறங்கியது.

அவன் மேலே பார்த்தான். அம்மா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

மேலே போனபோது இருவரும் நீள இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். அவனைக் கண்டதும் அக்கா எழுந்தாள். "வண்டியை எடுக்கணும், நான் வரேம்மா" என்று சொல்லிவிட்டு, அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அம்மா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான்.

"இன்னிக்கு மெதுவாப் போட்டே" என்றாள் அம்மா. கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அவனிடம் சொன்னாள்.

"ஆமாம்மா."

"அவசரம்னா வெடுக்குன்னு போடணுமாம். அந்த டிராக்டர் பொண்ணு சொன்னா."

"ஆமா."

"அந்தப் படத்துல வெடுக்குன்னுதான் போட்டிருந்தே. நான் அதை எத்தனை தடவை பாத்திருக்கேன்னு உனக்குத் தெரியாது. முதல் விநாடியில கை கீழ இருக்கும். அடுத்த விநாடியில மேல. நடுவுல ஒண்ணுமே இருக்காது." மூச்சை இழுத்து விட்டாள். "நீ நிறுத்தத்தான் சொல்லியிருக்கே. நான்தான் உன்னை..."

முடிக்கவில்லை. அவன் முழங்காலில் கை வைத்தாள். மூன்று மாதம் இதற்காகத்தான் அவன் காத்திருந்தான். வேண்டியது கிடைத்துவிட்டது. அந்த நிமிடமே எழுந்து போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சட்டை ஏன்டா அப்படி நனைஞ்சிருந்துச்சு?" என்றாள் அம்மா.

"எது?"

"படத்துல. பிழிஞ்சா ஒரு வாளி வரும். பொத்தான் வேற இல்லை. ஓரமா நின்னேன்னு சொன்னே. ஓரமா நின்னவனுக்கு எதுக்கு அப்படி வேர்க்கணும்?"

இழுவை வண்டி ஒன்று கீழே பெட்டிகளை இழுத்துக்கொண்டு போயிற்று. அவன் அது மறையும் வரை பார்த்தான்.

"உள்ள இருந்தேம்மா. அந்த வட்டத்துக்குள்ள. ஆடிட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு பாட்டு."

அம்மா கையை எடுக்கவில்லை. முகத்தைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தாள். அவன் மீதியைச் சொல்ல வாயெடுத்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள், உள்ளே போனவன் நான், என்னைத் தேடித்தான் வந்தாள். மூன்றே வாக்கியம். மனதுக்குள் மூன்று மாதமாகச் சொல்லிப் பழகியவை.

"அவதானே உன்னை இழுத்துட்டுப் போனா?" என்றாள் அம்மா.

அவன் கீழே நின்ற விமானத்தைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதா? நான் பெத்ததுதானே. சொன்னா ஒரு இடத்துல நிப்பாளா? நீயா அங்க போறவன்? அண்ணா வாண்ணா, அண்ணா வாண்ணான்னு கையைப் பிடிச்சு இழுத்திருப்பா. நீயும் பாவம், தங்கச்சி கூப்பிடுறாளேன்னு போயிருப்பே. நீ அவளை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு இத்தனை நாளா ஓரமா நின்னோம், ஓரமா நின்னோம்னு சொல்லிட்டிருந்தியா?"

அவள் கண் நிறைந்திருந்தது. அதில் அவனுக்கான இடம் இருந்தது. ஒரே ஒரு சொல்தான். அவன் தலை ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா" என்றான்.

அம்மா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் அழுதான். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "விடு. உன்மேல என்ன தப்பு? விடுடா" என்றாள். பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் இவர்களை, யாரையோ வழியனுப்ப வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அவன் அரை நாள் லீவு சொன்னான், வீட்டுக்குப் பஸ்ஸில் போனார்கள். அம்மா ஜன்னலோரம். மூன்று மாதத்துப் பேச்சும் சேர்ந்து வந்தது. எல்லாம் மகளைப் பற்றித்தான். பத்து வயதில் மதில்மேல் ஏறிப் பல்லை உடைத்துக்கொண்டது, பன்னிரண்டில் சொல்லாமல் தோழி வீட்டில் தங்கியது, நகத்துக்குக் கறுப்பு அடித்துக்கொண்டு வந்தபோது கையிலேயே ஒன்று போட்டிருக்க வேண்டும் என்பது. "யாரு சொன்னாலும் கேக்காத பிறவி. தானும் போயி, உன்னையும் மாட்டி விட்டுட்டுப் போயிட்டா பாரு." முன்பு அழுதுகொண்டு சொன்ன கதைகளை இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவன் "ம்" கொட்டினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அடுத்த நிறுத்தத்தில் அதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டது.

மதியம் அம்மா பரிமாறினாள். எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் தங்கையின் அறைக் கதவைத் திறந்தாள். இத்தனை நாள் அதற்குள் தூசு தட்டக்கூட அவள் யாரையும் விட்டதில்லை. அலமாரியிலிருந்து கறுப்புச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். பத்துப் பன்னிரண்டு இருந்தன. சுவரில் ஒட்டியிருந்த படங்களை உரித்தாள். கிழிந்து வந்தன.

"இதைப் பாத்தாலே எனக்கு எரியுது" என்றாள். "இன்னிக்கே கட்டிப் போட்டுடலாம். பரண்ல ஒரு சாக்கு இருக்கும், எடுத்துட்டு வா."

அவன் எடுத்து வந்தான். கிடங்கில் பழகிய கை, அம்மா சட்டைகளை ஒரே அளவாக மடித்து அடுக்கினாள்.

"பிடிடா" என்றாள்.

அவன் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டான்.